பாதிச் சுவரோடு நின்ற நீல அலை

1

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "நீங்கள் வரைந்ததிலேயே எளிமையானது எது?"

நான் ராட்டர்டாமில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் வழிகாட்டிப் படங்கள் வரைவது எங்கள் தொழில். எக்ஸ்ரே அறை எங்கே, கழிப்பறை எங்கே, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் எழுத்து தெரியாதவருக்கும், இந்த ஊர் மொழி புரியாதவருக்கும், வலியில் நிற்க முடியாதவருக்கும் பார்த்ததும் விளங்க வேண்டும். எனக்கு இந்த வேலை வாய்த்ததில் ஒரு பொருத்தம் உண்டு. வந்து இறங்கிய புதிதில் எனக்கு டச்சு ஒரு சொல் தெரியாது. பால் என்று நினைத்து மோர் வாங்கி வந்து காபியில் ஊற்றி, அது திரிந்துபோனதைப் பார்த்து அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். அடுத்த தடவை பாக்கெட்டின் மேல் இருந்த படங்களைப் பார்த்து வாங்கினேன். இந்த நாட்டில் என்னோடு முதலில் பேசியவை படங்கள்தான்.

அந்தப் பெண்ணுக்குக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். சென்னையில் ஒரு தெருவோரச் சுவர். அதில் நெஞ்சு உயரத்தில் நீல நிறத்தில் அலை போல ஒரு கோடு. சுவரின் நடுவில் வந்ததும் அந்த அலை சட்டென்று நின்றுவிடும்.

"பெயிண்ட் தீர்ந்துவிட்டதா?" என்றாள்.

இல்லை என்று மட்டும் சொன்னேன். அன்று என் அக்காவின் கணவர் சுந்தரம் மாமாவின் திதி. டச்சில் எனக்கு வராத வார்த்தைகள் அந்தக் கதையில் நிறைய இருந்தன. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

சுந்தரம் மாமா தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். காலையிலிருந்து கடை மூடும்வரை நின்றே வேலை செய்தவர். பெண்வீட்டாரின் முகத்தைப் பார்த்தே அவர்கள் எந்த விலைக்கு மேல் போக மாட்டார்கள் என்று கண்டுபிடித்து, அதற்குள் நல்லதாக நாலு புடவையை எடுத்துப் போடுவார். என் கல்யாணப் புடவையும் அவர் எடுத்துப் போட்டதுதான். என்னை "ஆர்ட்டிஸ்ட்" என்று கூப்பிடுவார். அவரும் வசந்தா அக்காவும் பிள்ளையில்லாதவர்கள். மயிலாப்பூரில் நான் படித்து முடிக்கும்வரை அவர்கள் வீட்டில்தான் பாதி நாள் இருந்தேன்.

ஓய்வு பெற்ற மறு வருடமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. மாடி ஏற முடியாது என்பதால் கீழ்வீடாகத் தேடினார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றுப் பக்கமாக இறங்கும் ஒரு தெருவில், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டே வீடுகள் உள்ள கட்டடம் கிடைத்தது. கீழ்வீட்டின் சொந்தக்காரர் தி.நகரில் இருப்பவர். அக்கா தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் சிரித்தாராம். "ஒரு சொட்டு எட்டிப் பார்த்ததில்லம்மா. தைரியமா வாங்க."

அதற்கு முந்தைய பெருமழையில் அதே வீட்டில் ஜன்னல்வரை தண்ணீர் நின்றிருக்கிறது. அது தெருவுக்கே தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரிந்த விஷயம் புதிதாகக் குடிவருகிறவருக்குத் தெரிய வழியில்லை. சுண்ணாம்பு அடித்து, புதுப் பெயிண்ட் பூசிவிட்டால் சுவருக்கு ஞாபகம் இருக்காது.

அவர்கள் குடிபோன மறு வருட மழைக்கே தண்ணீர் வந்தது. அங்கே சாயங்காலம், எனக்கு மத்தியானம். அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். அக்கா முதலில் கூப்பிட்டு, "வாசல்ல நிக்குது, பயப்படாத" என்றாள். அடுத்த தடவை கூப்பிட்டபோது, "கட்டில் கால் முழுகிடுச்சுடி. மாமாவ எப்படித் தூக்குறது?" என்றாள். பின்னாலிருந்து யாரோ உருதுவில் சத்தம் போடுவது கேட்டது. அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

சத்தம் போட்டவர் மேல்வீட்டு ரஃபீக் பாய். திருவல்லிக்கேணியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருக்கோடியில் ஆற்றை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் உண்டு. அங்கிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, மாமாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிவிட்டார். ரஃபீக் பாயின் மனைவி மெஹர் சூடாக டீ கொடுத்தாராம். மாமா அதைக் குடித்துவிட்டு, "இந்த டீக்காகவே முன்னாடியே மேல வந்திருக்கலாம்" என்று குழறிய நாக்கோடு சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு மேல் வர முடியவில்லை. மெஹர் வீட்டு சோபாவிலேயே அவர் உயிர் போனது.

எனக்குச் செய்தி வந்து சேரவே மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. விமானங்கள் இறங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் மாரடைப்பு என்று இருந்தது. பொய்யில்லை. ஆனால் அதில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

3

அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில், எங்களுக்குக் கோடை, சென்னைக்கு ஆடி, மகள் யாழினியோடு அக்காவைப் பார்க்கப் போனேன். அக்கா மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தாள்.

யாழினிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்லும் வயதைத் தாண்டி, கேட்காவிட்டால் பேசாத வயதுக்கு வந்திருந்தாள். ஆனால் அக்காவிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். முதல் நாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மா, பெரியப்பா மாடியிலதான் இறங்கினாரா?"

'இறந்தாரா' என்று கேட்க வந்திருக்கிறாள். நான் திருத்த வாயைத் திறந்தேன். அக்கா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

"இல்லடா கண்ணு. பெரியப்பா இறங்கவே இல்ல."

மறுநாள் அக்காதான் எங்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். கீழ்வீடு புதுசாக இருந்தது. வெளியே இளமஞ்சள் பெயிண்ட், ஜன்னல்களுக்குப் புதிய கிரில், கேட்டில் வாடகைக்கு விடப்படும் என்ற பலகை.

"போன மாசம் ஒருத்தர் பார்க்க வந்தார். வயசான அம்மா அப்பாவோட" என்றாள் அக்கா. "நான் தற்செயலா மெஹரைப் பார்க்க வந்திருந்தேன். மனசு கேக்கல. போய்ச் சொல்லிட்டேன். வீட்டுக்காரருக்கு யாரோ போன் பண்ணிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டார்."

"என்ன சொன்னார்?"

"உங்க வீட்டுக்காரர் வியாதிக்காரர், போயிட்டார். அதுக்கு என் வீடு என்னம்மா பண்ணும்? வயித்தெரிச்சல்ல ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியாதீங்கன்னார்."

அக்கா சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. அந்த கேட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் சொன்னா புலம்பல்னு நினைக்கிறாங்க, அமுதா. எத்தன பேருக்கு நான் வாசல்ல நின்னு சொல்ல முடியும்? நான் இல்லாதப்பவும் சொல்ற மாதிரி ஏதாவது இருக்கணும். நீதான் ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரையறியே."

4

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பலகை வரைந்தேன். தெருவின் படம், ஆறு இருக்கும் திசை, தண்ணீர் ஏறும் உயரம், முதியவருக்கும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தனித்தனிக் குறிகள், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறிகள். எல்லாம் ஒழுங்காக, சுத்தமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் காட்டியிருந்தால் பாராட்டியிருப்பார்கள்.

அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"நான் வீடு பார்க்க வர்றேன்னு வெச்சுக்க. வெயில், கூட புரோக்கர் வேற பேசிக்கிட்டே வர்றார். எனக்கு இதுல எது தெரியணும்?"

"தண்ணி எவ்வளவு ஏறும்னு."

"அத மட்டும் போடேன்."

பலகையைச் சுருட்டி வைத்துவிட்டேன். தெருச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு நீலக் கோடு. எழுத்து வேண்டாம், எண் வேண்டாம். பக்கத்தில் வந்து நின்றால் உடம்பே அளவு சொல்லிவிடும்.

அனுமதி கேட்க மாநகராட்சியின் வட்டார அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"இது எந்தத் திட்டத்துல வருது மேடம்?"

"எந்தத் திட்டத்துலயும் வரலைங்க."

"அப்ப நான் இத எந்த ஃபைல்ல போடுறது?" உண்மையாகவே யோசித்தார். பிறகு என் அடையாள அட்டையைக் கேட்டார். வெளிநாட்டுவாழ் இந்தியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க இந்த ஊர் இல்லியா?"

"மயிலாப்பூர்ல பொறந்தேங்க."

"அது சரி. இப்போ?"

அந்தக் கேள்விக்கு ராட்டர்டாமிலும் என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொதுச் சுவர்ல கை வைக்காதீங்க. சொந்தச் சுவர்னா அவங்கவங்க இஷ்டம். நீங்க என்னைக் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல."

தெருக்கோடியில் இருந்த மளிகைக் கடைக்காரர் தன் பக்கவாட்டுச் சுவரைத் தருவதாகச் சொன்னார். உயரம் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. ரஃபீக் பாய் வீட்டு மாடிப்படிச் சுவரில் மாமா போன மழையின் கறை அப்படியே இருந்தது. அவர் அதை மறைத்து வெள்ளையடிக்கவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைக் கறையில் பிடித்து மறு முனையைத் தெருவுக்குக் கொண்டுபோனோம். சுவர் சுவராகக் குறித்துக்கொண்டே கடைவரை போய்ச் சேர்ந்தோம். தெரு சரிவானது. ரஃபீக் பாய் வாசலில் நெஞ்சுக்கு இருந்த மட்டம், கடைக்குப் போனபோது என் தலைக்கு மேலே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, பட்டையாக, நேராக ஒரு கோடு இழுத்தேன். இறங்கிப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சின்ன வீடுகளிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள்.

"இன்னாம்மா இது? யாரு அனுப்ச்சாங்க உன்னிய?"

"யாரும் அனுப்பல. இது வந்து..."

"எதிர் வரிசைல இப்டித்தான் மொதல்ல வந்து கோடு போட்டாங்க. அப்பால நம்பர் போட்டாங்க. அப்பால லாரி வந்துச்சு. எங்க அக்கா ஊடு அங்கதான் இருந்துச்சு, தெர்மா? இப்போ ஊருக்கு வெளிய தூக்கிப் போட்டுட்டாங்க. ரெண்டு பஸ்ஸு மாறி வேலைக்கு வந்துக்கினு கீது. அழிச்சுட்டுப் போ மொதல்ல!"

அவள் பெயர் தேவி. குழந்தை எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. மழைக்குப் பிறகு அந்த ஆற்றோர வீடுகளில் பாதியை இடித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் அந்தச் சுவர்களில் பெயிண்டால் கோடு விழுந்ததை நான் யோசிக்கவில்லை. நான் தண்ணீர் என்று வரைந்ததை அவர்கள் 'காலி செய்' என்று படித்தார்கள். எங்கள் தொழிலில் படம் பொதுமொழி என்று அடிக்கடி சொல்லுவோம். அந்தக் கடைச் சுவருக்கு முன்னால் அந்த வார்த்தை எனக்கு வாய்க்குள்ளேயே கசந்தது.

அக்கா முன்னால் போய் தேவியின் கையைப் பிடித்தாள். "நான் அந்தக் கீழ்வீட்ல இருந்தவம்மா. என் வீட்டுக்காரரை நாற்காலியில வெச்சுத் தூக்கினாங்களே."

தேவி அக்காவை உற்றுப் பார்த்தாள். சத்தம் அடங்கியது. "எங்க ஊட்டுக்காரர்தான் ஒரு பக்கம் தூக்கினாரு" என்றாள்.

5

யாழினிக்கு இந்தப் பேச்சில் முக்கால்வாசி புரியவில்லை. என் பக்கத்தில் வந்து டச்சில், "ஏன் கோபமாக இருக்கிறார்கள்?" என்றாள்.

"கோபம் இல்லை. பயம்."

"கோட்டைப் பார்த்தா?"

"ஆமாம்."

அவள் சுவரைப் பார்த்தாள். அப்புறம் தமிழுக்கு மாறினாள். மற்றவர்களும் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. "அது ரொம்ப நேரா இருக்கும்மா. ஸ்கேல் வெச்ச மாதிரி. தண்ணி இப்டியா இருக்கும்?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் கையிலிருந்த பிரஷை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். ஈரமாக இருந்த கோட்டின் மேலேயே மேலும் கீழுமாக வளைத்து இழுத்துக்கொண்டு போனாள். ஒழுங்கில்லாத அலைகள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவில் ஓரிடத்தில் பெயிண்ட் வழிந்தது. நான் வரைந்திருந்தால் அதைத் துடைத்திருப்பேன்.

தேவியின் இடுப்பில் இருந்த குழந்தை விரலை நீட்டி, "தண்ணி" என்றது.

யாரோ சிரித்தார்கள். தேவி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்த எங்க செவுத்துலயும் போடுங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. அதோ, அந்தப் பெரிய ஊட்டுக்காரங்க செவுத்துலயும் போடணும். எங்களுக்கு மட்டும் போட்டீங்கன்னு வெய்யி, உன் எடத்துலதான் தண்ணி வருது, கெளம்புன்னுவாங்க. அன்னிக்கு எல்லாத்துக்கும்தான வந்துச்சு?"

நானும் அக்காவும் அன்று சாயங்காலமே வீடு வீடாகப் படியேறத் தொடங்கினோம்.

6

சிலர் கேட்டதும் சரி என்றார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி, தானே பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து பிரஷைப் பிடித்தாள். சிலர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். "எங்க வீட்டு வேல்யூ என்ன ஆகும்? நாளைக்குப் பொண்ணுக்கு எழுதி வைக்கணும்" என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் சம்பாத்தியம் அந்தச் சுவருக்குள்தான் இருந்தது.

முடித்துவிட்டுப் பார்த்தபோது தெருவில் அலை விட்டுவிட்டு ஓடியது. ஒரு வீட்டில் இருந்தது, அடுத்த இரண்டு வீட்டில் இல்லை, அதற்கடுத்து மறுபடி அதே மட்டத்தில் தொடர்ந்தது. முதலில் எனக்கு அது குறையாகப் பட்டது. பிறகு தெருவில் போகிறவர்களைக் கவனித்தேன். எல்லோரும் அந்த இடைவெளிகளைத்தான் நின்று பார்த்தார்கள். தண்ணீர் இரண்டு வீட்டைத் தாண்டிக் குதித்துப் போகாது என்பது யாருக்கும் தெரியும்.

கடைசியில் மாமா இருந்த கட்டடம். அதன் முன் மதில்சுவரில் பாதி ரஃபீக் பாய்க்கு, மீதி கீழ்வீட்டுக்காரருக்கு. நாங்கள் கேட்பதற்கு முன்பே ரஃபீக் பாய் இறங்கி வந்துவிட்டார்.

"என் பாதியில போடுங்கம்மா."

"பிரச்சனை வரும் பாய்" என்றாள் அக்கா.

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அந்த மழைக்கு முன்னால பெஞ்ச மழையிலயும் தண்ணி வந்தது எனக்குத் தெரியும்மா. நீங்க வீடு பார்க்க வந்த அன்னிக்கு நான் மேல பால்கனியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். அடுத்தவன் வாடகையில நாம ஏன் வாய வைக்கணும்னு சும்மா இருந்துட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் இந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டார்."

அக்காவுக்கு அது அதுவரை தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மெஹர் மாடிப்படியில் பாதி இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். அக்கா கீழே குனிந்து பெயிண்ட் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே போடுங்க பாய்."

அவர்தான் போட்டார். யாழினி முன்னால் சாக்பீஸால் அலையைக் குறித்துக்கொண்டே போக, அவர் பின்னால் நீலத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். தன் பாதி முடிந்த இடத்தில் பிரஷை எடுத்துவிட்டார். அதற்கப்பால் இளமஞ்சள் சுவர் ஒரு கறையில்லாமல் இருந்தது.

"இப்படியே பாதியில விடறதா?" என்றாள் யாழினி. அவளுக்குத் தாங்கவில்லை.

"விடு கண்ணு" என்றாள் அக்கா. "தண்ணி இந்த இடத்துல வந்து நின்னுடுச்சுன்னு யாராவது நம்புவாங்களா?"

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்னால் ஒரு இளம் தம்பதி அந்த வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். புரோக்கர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் சுவரோரமாக நடந்தாள். அலை முடியும் இடத்தில் நின்று, தன் நெஞ்சுக்கு நேரே அதைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணாந்து பால்கனியில் நின்ற ரஃபீக் பாயைப் பார்த்து, "இது என்னங்க?" என்று கேட்டாள். இந்தத் தடவை அவர் சொல்லிவிட்டார். அவர்கள் உள்ளே போகாமலே திரும்பிவிட்டார்கள்.

7

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தொலைபேசி வழியாகத்தான் வந்தது. புலம்பெயர்ந்தவர்களுக்கு ஊர் என்பது பெரும்பாலும் ஒரு குரல்தானே.

வீட்டுக்காரர் வந்து ரஃபீக் பாயிடம் போலீசுக்குப் போவேன் என்றாராம். "என் செவுரு சார்" என்பதற்கு மேல் பாய் பேசவில்லை. வீடு பூட்டியே கிடந்தது. ஒரு நாள் வீட்டுக்காரர் அக்காவையே போனில் கூப்பிட்டார்.

"உங்க கோட்டால என் வீடு காலியாக் கிடக்குதும்மா."

"கிடக்கட்டும்" என்றாளாம் அக்கா. "காலி வீட்ல யாரும் சாக மாட்டாங்க."

என் அக்கா இப்படி ஒரு பதில் சொல்லுவாள் என்று மாமாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. ராட்டர்டாமில் நான் வேலைக்குப் போவதும் வருவதும் கைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் யாழினி பள்ளியிலிருந்தே கூப்பிட்டாள். வழக்கமாக அவள் கூப்பிட மாட்டாள். "பெரியம்மா பேசினாங்களா? தண்ணி எங்க இருக்கு?" என்று தமிழில் கேட்டாள்.

ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் கட்டில் கால் முழுகும்வரை காத்திருக்கவில்லை. கடைச் சுவரைப் பார்த்து, இன்னும் எவ்வளவு ஏறக்கூடும் என்று தெரிந்துகொண்டு, இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். தேவியும் அந்த வரிசையில் இருந்தவர்களும் ரஃபீக் பாய் வீட்டுக்கும் டீச்சர் வீட்டு மாடிக்கும் போய்விட்டார்கள். அலை போட மறுத்த வீடுகளிலிருந்தும் வயதானவர்களை மேலே கொண்டுபோனார்கள். தண்ணீர் அலைக்கு ஒரு முழம் கீழே நின்று, பிறகு வடிந்தது.

"கீழ்வீட்ல?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"தண்ணி போயிருக்கு. ஆளுங்க யாரும் இல்ல."

இதைச் சொல்லிவிட்டு அக்கா அழுதாள். நானும் அழுதேன். அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் அத்தனையும் செய்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். தேவியின் வரிசைக்கு மறுபடி ஆட்கள் வந்தார்கள், அங்கே தண்ணீர் வருகிறது, காலி செய்யுங்கள் என்றார்கள். தேவி அவர்களைத் தெருவுக்குக் கூட்டிப்போய், பெரிய வீட்டுச் சுவர்களில் அதே மட்டத்தில் ஓடும் அலையைக் காட்டி, "அவங்களும் காலி பண்றாங்களா சார்?" என்று கேட்டாளாம். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மறுபடி வரலாம். ஒரு நீல அலை லாரியை நிறுத்துமா என்று எனக்குத் தெரியாது.

மழை விட்ட வாரம் வீட்டுக்காரர் கீழ்வீட்டைத் திறந்தார். அக்கா அன்று மெஹரைப் பார்க்கப் போயிருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே சேறு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறை நடுவில் தனியாக நின்றிருந்தார். சண்டைக்கு வருவார் என்று அக்கா நினைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் கட்டில் எங்க போட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

அக்கா உள்ளே போய் ஜன்னலோரம் கையைக் காட்டினாள். அவர் அந்த இடத்தையும், அங்கே சுவரில் புதிதாகப் படிந்திருந்த ஈரக் கறையையும் பார்த்தார். கொஞ்ச நேரம் இருவரும் அந்தச் சேற்றில் நின்றார்கள். பிறகு அக்கா மாடியேறிவிட்டாள்.

தை பிறந்ததும் அவர் கீழ்வீட்டுச் சுவர்களை இடிக்க ஆள் விட்டார். தூண்களை மட்டும் பலப்படுத்தி, கீழே வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார். மனம் மாறினாரா, இனி வாடகைக்குப் போகாது என்று கணக்குப் போட்டாரா என்று ரஃபீக் பாய்க்கே தெரியவில்லை. இடிக்காமல் விட்ட முன் மதில்சுவரில், தன் பாதியில் அலை போட வீட்டுக்காரர் இன்றுவரை சம்மதிக்கவில்லை.

இடித்து முடித்த அன்று அக்கா அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். தெருச் சத்தம் பலமாகக் கேட்டது.

"மாமா படுத்திருந்த இடத்துல நிக்கிறேன்டி" என்றாள். "சுவரே இல்ல. இந்தப் பக்கம் தெரு தெரியுது, அந்தப் பக்கம் ஆறு தெரியுது. காத்து வருது."

"எப்படிக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் யோசித்தாள்.

"இனிமே இங்க யாரும் படுக்க மாட்டாங்க, அமுதா. தண்ணி வந்தா வந்துட்டுப் போகும்."